ஒளியால் இணைந்த துகள்கள்

நுழையும்முன்

பொறியியல் கல்வியின் உயர்நிலையில், நூல்களில் எழுதப்பட்டிருப்பதைக் கற்பதோடு மாணவரின் பணி முடிவதில்லை. எந்த நூலிலும் விடை காணப்படாத ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, அதற்குச் சான்றுகளோடு விடை தேட வேண்டியவராகிறார் அவர். அவ்வகை வினா ஒன்றை 1980களில் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மாணவர் எழுப்பினார். அது புதியதோர் உற்பத்தி முறையாக வளர்ந்த வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

பொருள் செய்யும் வழிகள்

பட்டறையில் ஒரு பொருளைச் செய்யும் வழிகள் பல. உலோகக் கட்டியைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி, வேண்டாத பகுதியைச் சீவி எறிந்து வேண்டிய வடிவத்தைப் பெறலாம். காய்ச்சிய இரும்பைச் சம்மட்டியால் அடித்தோ அழுத்தியோ வளைக்கலாம். உருக்கிய உலோகத்தை மணலில் பதித்த பள்ளத்தில் ஊற்றி வார்த்தெடுக்கலாம். இவை பல நூற்றாண்டுகளாகத் தேர்ச்சி பெற்ற முறைகள். இன்றும் உலகின் பெரும்பான்மையான இயந்திர உறுப்புகள் இவற்றால்தான் உருவாகின்றன.

எனினும் இவற்றுக்கெல்லாம் பொதுவான ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பு, அதைச் செய்வதற்குத் துணையான வேறொரு பொருளைச் செய்தாக வேண்டும். வார்ப்பை எடுத்துக்கொள்வோம். மணலில் பள்ளம் பதிய வேண்டுமானால் உறுப்பின் வடிவிலேயே மரத்தாலோ உலோகத்தாலோ ஒரு மாதிரியுரு வேண்டும். வார்ப்பட ஆலைகளில் இதனைப் 'பேட்டர்ன்' என்பர். உலோகம் குளிரும்போது எவ்வளவு சுருங்கும், மாதிரியுருவை மணலிலிருந்து உருவும்போது ஓரங்கள் உடையாதிருக்கப் பக்கங்களை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பனவற்றையெல்லாம் அறிந்த கைவினைஞரே அதைச் செய்ய இயலும். ஆயிரம் உறுப்புகள் வார்க்கப்படுமானால் அந்த உழைப்பின் செலவு ஆயிரமாகப் பகிரப்பட்டுவிடும். ஒன்றே ஒன்று வேண்டுமானாலோ, உறுப்பைவிட அதன் மாதிரியுருவுக்கே அதிகக் காலமும் பணமும் செலவாகும்.

ஹூஸ்டனில் ஒரு கோடை

கார்ல் டெக்கார்ட் என்னும் மாணவர் 1981ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் ஹூஸ்டன் நகரில் எண்ணெய்க் கிணறுகளுக்கான கருவிகளைத் தயாரிக்கும் ஒரு தொழிலகத்தில் பணிபுரிந்தார். அப்போது அவர் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலில் இளநிலைப் பட்டம் பயின்றுகொண்டிருந்தார். அத்தொழிலகத்தில் உறுப்புகளின் முப்பரிமாண வடிவத்தைக் கணினித் திரையில் வரைந்துகொள்ளும் வசதி அப்போதே வந்திருந்தது. ஆனால், வார்ப்புக்கான மாதிரியுருக்கள் கையால்தான் செய்யப்பட்டன. கணினியின் நினைவகத்தில் வடிவம் முழுமையாக இருக்கிறது. அதைக் கைக்கு எட்டும் பொருளாக்க மட்டும் மீண்டும் உளியையும் அரத்தையும் நாட வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளி டெக்கார்டின் மனத்தில் தங்கிவிட்டது.

அவர் அடுத்த சில ஆண்டுகள் இதற்கு வழி தேடினார். இளநிலைப் படிப்பு முடியும் தறுவாயில் ஓர் எண்ணம் உருப்பெற்றது. நெகிழித் துகளை மெல்லிய படலமாகப் பரப்புவது. பொருளின் குறுக்குவெட்டு எங்கு அமைய வேண்டுமோ அங்கு மட்டும் லேசர் ஒளிக்கற்றையைச் செலுத்தித் துகள்களை இளக்கி ஒட்டவைப்பது. அதன்மேல் மற்றொரு படலம் பரப்பி, அடுத்த குறுக்குவெட்டை வரைவது. இவ்வாறு நூற்றுக்கணக்கான படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து முழுப்பொருளாகும். அச்சு வேண்டா, மாதிரியுரு வேண்டா, வெட்டுக்கருவியும் வேண்டா.

எண்ணம் எளியது. அது நடக்குமா என்பதுதான் வினா. அவ்வினாவை ஆராய்வதற்கென்றே டெக்கார்ட் 1984ஆம் ஆண்டு அதே பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்ட மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு நெறியாளராக அமைந்தவர் ஜோ பீமன் என்னும் இளம் உதவிப் பேராசிரியர். பீமனின் துறை கட்டுப்பாட்டுப் பொறியியல். உற்பத்தி முறைகளில் பெயர்பெற்ற மூத்த அறிஞர் ஒருவர் இத்தகைய திட்டத்தைக் கேட்டவுடன் அதிலுள்ள நூறு தடைகளைச் சுட்டியிருக்கக்கூடும். வேறொரு துறையிலிருந்து நோக்கியவருக்கு அதன் வாய்ப்பு தெரிந்தது என்று கொள்வதில் தவறில்லை.

உப்புக் குடுவையும் சிறு கணினியும்

ஆய்வகத்தில் உருவான முதல் கருவி, இன்றைய மாணவர்கள் கண்டால் வியக்கத்தக்க அளவு எளிமையானது. நூறு வாட் ஆற்றலுடைய லேசர் ஒன்று. ஒளிக்கற்றையைத் திருப்பும் அசையும் ஆடிகள். லேசரை இயக்கவும் நிறுத்தவும் கொமடோர் 64 என்னும் கணினி. வீடுகளில் விளையாட்டுக்காக வாங்கப்பட்ட அக்கணினியின் நினைவகம் 64 கிலோபைட் மட்டுமே. துகளைப் பரப்பும் பணியோ கையால் நடந்தது. மூடியில் துளைகள் கொண்ட உப்புக் குடுவையைப் போன்ற ஒன்றைத் தட்டித் தட்டி, கோலமாவு தூவுவதுபோல் டெக்கார்ட் ஒவ்வொரு படலத்தையும் தூவினார். 'பெட்சி' என்று செல்லப்பெயர் பெற்ற அக்கருவி, பிற்காலத்தில் படிப்படியாகத் தானியங்கி ஆக்கப்பட்டது.

அதிலிருந்து வெளிவந்தவை அழகிய உறுப்புகள் அல்ல. சொரசொரப்பான, அளவு துல்லியமற்ற நெகிழிக் கட்டிகளே. எந்தத் தொழிலகமும் அவற்றை விலைகொடுத்து வாங்கியிராது. ஆயினும், 1986ஆம் ஆண்டு அவருக்கு முதுநிலைப் பட்டம் கிடைப்பதற்கு அவை போதுமானவையாக இருந்தன.

இவ்விடத்தில் ஆய்வு என்பதன் இயல்பை ஊன்றி நோக்க வேண்டும். விற்கத்தக்க பொருளைத் தருவது ஆய்வேட்டின் கடமை அன்று. துகளை ஒளியால் ஒட்டி முன்னரே குறித்த வடிவத்தைப் பெற முடியும் என்பதை அந்தக் கட்டிகள் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டின. எவை இன்னும் கைகூடவில்லை என்பதையும் அவையே காட்டின. இவ்விரண்டும் எழுத்தில் பதிவானால்தான் அடுத்து வருபவர் முதலடியிலிருந்து தொடங்காமல் இரண்டாம் அடியிலிருந்து தொடங்க முடியும். தோல்வியுற்ற சோதனைகளின் அளவீடுகளையும் ஆய்வேடுகள் மறைக்காமல் தாங்கி நிற்பது இதனால்தான்.

1986ஆம் ஆண்டு அக்டோபரில் இம்முறைக்கான காப்புரிமை விண்ணப்பம் அளிக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு செப்டம்பரில் உரிமை வழங்கப்பட்டது. அதற்குள் டெக்கார்ட் அதே பொருளில் தம் ஆய்வைத் தொடர்ந்து 1988இல் முனைவர் பட்டமும் பெற்றுவிட்டார்.

தெரியுமா?
பொருளை அடுக்கடுக்காக உருவாக்கும் எண்ணம் ஒரே இடத்தில் மட்டும் தோன்றவில்லை. ஒளிபட்டால் இறுகும் பிசினைக் கொண்டு பொருள் அமைக்கும் முறையை ஜப்பானின் நகோயா நகரைச் சேர்ந்த ஹிடியோ கொடாமா 1981இல் வெளியிட்டார். அமெரிக்காவில் சக் ஹல் அவ்வகைக் கருவிக்கு 1984இல் விண்ணப்பித்து 1986இல் காப்புரிமை பெற்றார். இளகிய நெகிழி இழையை முனையின் வழியே பிதுக்கி அடுக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989இல் விண்ணப்பித்தார். இன்று பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பெரிதும் காணப்படும் முப்பரிமாண அச்சுப்பொறிகள் கிரம்ப்பின் வழிவந்தவை.

மூலை வளைவு

துகள் முறையின் பெருஞ்சிக்கல் சுருக்கம். சூட்டால் இளகிய நெகிழி குளிரும்போது அதன் பருமன் குறைகிறது. கீழ்ப்படலம் குளிர்ந்து இறுகிய பின், அதன்மேல் உருகிய புதிய படலம் தானும் சுருங்க முற்படுகிறது. கீழே உள்ளது இடங்கொடுப்பதில்லை. இந்த இழுபறியில் பொருளின் ஓரங்கள் மேல்நோக்கி வளைகின்றன. வெயிலில் உலர்ந்த வாழை இலையின் விளிம்பு சுருண்டு எழுவதை இதற்கு ஒப்பிடலாம். வளைவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கலாம். ஆனால், ஒவ்வொரு படலத்தின் கனமும் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டரே ஆகையால், உயர்ந்து நிற்கும் மூலை அடுத்த படலம் பரப்பும் கருவியில் தட்டுகிறது. தட்டினால் பொருள் இடம்பெயர்கிறது. அதுவரை செய்த வேலை முழுதும் வீணாகிறது.

இதற்கான தீர்வு லேசரில் இல்லை, வெப்பத்தில் இருந்தது. துகள் நிரம்பிய பெட்டி முழுவதையும் துகளின் உருகுநிலைக்குச் சற்றுக் கீழான வெப்பநிலையில் வைத்திருந்தால், லேசர் சிறிதளவு ஆற்றலைச் சேர்த்தாலே போதும். உருகிய பகுதிக்கும் சுற்றிலும் உள்ள துகளுக்கும் வெப்ப வேறுபாடு மிகக் குறைவாதலால் சுருங்குதல் உடனடியாக நிகழ்வதில்லை. வேலை முடிந்தபின் பெட்டி முழுவதும் ஒருசேர, மெல்ல மெல்லக் குளிர விடப்படுகிறது.

இம்முறைக்கு எல்லா நெகிழிகளும் இணங்குவதில்லை. இன்று பெரிதும் பயன்படும் நைலான் 12 என்னும் நெகிழித் துகள் ஏறத்தாழ 185 பாகை செல்சியசில் உருகுகிறது. ஆனால், குளிரும்போது ஏறத்தாழ 150 பாகைக்கு இறங்கிய பின்னரே படிகமாகி இறுகுகிறது. இடைப்பட்ட வெப்பநிலையில், உருகாத துகள் துகளாகவே இருக்கும். ஒருமுறை உருகியது இறுகாமல் இருக்கும். ஒரே வெப்பநிலையில் இரு நிலைகளும் அருகருகே நிலவும் இந்தக் குறுகிய இடைவெளியே இம்முறையின் உயிர்நாடி. பெட்டியின் ஒரு மூலையில் சில பாகை குறைந்தால் ஓரம் வளையும்; சில பாகை கூடினால் வேண்டாத துகளும் ஒட்டிக்கொள்ளும். லேசரைக் கண்டு வியப்பவர் பலர். பெட்டிக்குள் வெப்பநிலையைச் சீராக நிறுத்துவதே அதனினும் கடினமான பொறியியல் என்பதைத் தொழிலறிந்தோர் அறிவர்.

துகளைப் பரப்பும் வேலையும் ஆய்வுக்குரியதாயிற்று. துகள்கள் ஒவ்வொன்றும் தலைமயிரின் தடிப்பை ஒத்த அளவினவே. வெறும் தகட்டால் தள்ளினால் அவை குவிந்தும் பிளந்தும் போயின. உருளை ஒன்றை, அது நகரும் திசையில் இயல்பாக உருளும் போக்குக்கு எதிராகச் சுழலவிட்டால் துகள் எழும்பிச் சீராகப் படிகிறது என்பது கண்டறியப்பட்டது. சப்பாத்திக் கட்டையைத் தள்ளிக்கொண்டே பின்னோக்கிச் சுழற்றுவது போன்ற செயல் இது. கையால் உப்புத் தூவுவதுபோல் தூவிய வேலைக்கு அன்றுதான் விடுதலை கிடைத்தது.

இம்முறையில் ஒரு பெரும் நன்மை தானாகவே வந்து சேர்ந்தது. ஒட்டாமல் எஞ்சிய துகள் பெட்டியிலேயே இருந்து, உருவாகும் பொருளைத் தாங்கி நிற்கிறது. எனவே, அந்தரத்தில் தொங்கும் பகுதிக்குத் தனியே முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றுக்குள் ஒன்று கோத்த வளையங்களையும், உள்ளே வளைந்து செல்லும் குழாய்களையும் ஒரே வேலையில் ஆக்கிவிடலாம். இறுதியில் பெட்டியைத் திறந்து, புதைபொருளை அகழ்வதுபோல் துகளைத் தட்டி உதறினால் பொருள் வெளிப்படும்.

ஆய்வகத்திலிருந்து சந்தைக்கு

இக்கண்டுபிடிப்பைத் தொழிலாக்க ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகம் காப்புரிமையைப் பயன்படுத்த அதற்கு உரிமம் வழங்கியது. டி.டி.எம். என்று பெயர்பெற்ற அந்நிறுவனம் 1992இல் தன் முதல் வணிக இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு மாணவரின் மனத்தில் எண்ணம் விழுந்த கோடையிலிருந்து கணக்கிட்டால் இடையே பதினோர் ஆண்டுகள் கழிந்திருந்தன. 2001இல் அந்நிறுவனத்தை, சக் ஹல் தோற்றுவித்த 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் வாங்கியது.

இம்முறைக்கு எல்லை இல்லை என்று எண்ணிவிடலாகாது. பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள பொருளுக்கு ஏறத்தாழ ஆயிரம் படலங்கள் வேண்டும். படலம் ஒன்றுக்கு அரை நிமிடம் எனக் கொண்டால்கூட எட்டு மணி நேரத்துக்கும் மேலாகிறது. குளிரும் நேரம் தனி. நெகிழி வாளியை அச்சில் வார்க்கும் இயந்திரமோ ஒரு நிமிடத்துக்குள் ஒன்றை உமிழ்ந்துவிடும். ஒரே வடிவில் இலட்சக்கணக்கில் வேண்டும் பொருளுக்கு அச்சே சிறந்தது. ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவில் வேண்டுமானாலோ, வேறெவ்வழியிலும் செய்யவியலாத உள்வடிவம் வேண்டுமானாலோ அடுக்கு முறை தன் மதிப்பைக் காட்டுகிறது. காதின் வடிவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆதலால், செவிக்கருவியின் உறைகளை அடுக்கு முறைகளால் உருவாக்குவது இன்று இயல்பாகிவிட்டது.

உலோகம் தந்த சோதனை

நெகிழியில் இயன்றது உலோகத்தில் இயலுமா என்ற வினா விரைவில் எழுந்தது. ஜெர்மனியின் ஆகன் நகரிலுள்ள பிரான்ஹோபர் லேசர் ஆய்வு நிறுவனத்தார் 1990களின் நடுப்பகுதியில் உலோகத் துகளை முழுமையாக உருக்கி இணைக்கும் முறையை வகுத்தனர். இங்கு வெப்பநிலைகள் ஆயிரக்கணக்கான பாகைகள். துகளால் மட்டும் பொருளைத் தாங்க இயலாது. சுருக்கத்தின் விசை அத்துணைப் பெரிது. பொருளைத் தடித்த உலோகத் தட்டில் பிணைத்தே கட்ட வேண்டியிருக்கிறது. பின்னர் உலையில் வைத்து உட்தகைவைத் தணித்து, தட்டிலிருந்து அறுத்தெடுக்கின்றனர்.

உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்று உண்டு; அது பொருளுக்குள் அடைபட்ட நுண்துளை. லேசரின் ஆற்றல் குறைவாக இருந்தால் துகள்கள் முழுதும் உருகாமல் இடைவெளிகள் எஞ்சுகின்றன. ஆற்றல் மிகுந்தால் உலோகம் ஆவியாகி, அந்த ஆவியின் அழுத்தம் உருகிய குட்டையில் ஆழமான குறுகிய குழி ஒன்றைத் தோண்டுகிறது. குழி நிலைகுலைந்து மூடும்போது அடியில் வளிக்குமிழி சிக்கிக்கொள்ளக்கூடும். வெளித்தோற்றத்தில் மாசற்ற உறுப்பு, பல்லாயிரம் முறை சுமையேற்றி இறக்கப்படும்போது அந்தக் குமிழியிலிருந்தே விரிசல் விடத் தொடங்கும். வானூர்தியின் உறுப்பில் அது நேர்ந்தால் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

அக்குழி நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் தோன்றி மறைவது. ஒளிபுகா உலோகத்தின் உள்ளே நிகழ்வது. அதைக் காண்பது எவ்வாறு? அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிகாகோ நகருக்கு அருகிலுள்ள ஆர்கான் தேசிய ஆய்வகத்தாரோடு இணைந்து, அங்குள்ள துகள்முடுக்கி தரும் செறிவுமிக்க எக்ஸ் கதிர்களைக் கொண்டு அதைப் படம்பிடித்தனர். 2019இல் வெளியான அவ்வாய்வு, குழி தோன்றும் எல்லை எது என்பதை லேசரின் ஆற்றல், வேகம் ஆகியவற்றோடு தொடர்புபடுத்திக் காட்டியது. உலோகத்துக்குள் நடப்பதை ஊகித்துக்கொண்டிருந்த துறைக்கு அதைக் காணும் கண் கிடைத்தது.

இவ்வாறு நம்பகத்தன்மை படிப்படியாக உறுதியான பின்னரே உலோக உறுப்புகள் உயிர்காக்கும் இடங்களில் ஏற்கப்பட்டன. 2016இல் பயணப் பணிக்கு வந்த லீப் என்னும் வானூர்தி எந்திரத்தின் எரிபொருள் தெளிப்பு முனை இவ்வகையில் செய்யப்படுவது; முன்பு ஏறத்தாழ இருபது துண்டுகளாகச் செய்து பற்றவைத்ததை இப்போது ஒரே உறுப்பாக ஆக்குகின்றனர். இணைப்புகள் குறைந்தால் பழுதுறும் இடங்களும் குறைகின்றன. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக அச்சிடப்பட்ட எந்திரத்தைப் பொருத்தி 2024ஆம் ஆண்டு மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ஏவூர்தியைச் செலுத்தியதும் இத்தொழில்நுட்பத்தின் வழியிலேயே.

மீண்டும் துகளிடம்

டெக்கார்டின் பிற்கால வாழ்வு கருதத்தக்கது. அவர் சில காலம் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் 2012இல் தோழர்களோடு சேர்ந்து மற்றொரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் நோக்கம் புதிய இயந்திரம் அன்று, புதிய துகள். லேசரும் கணினியும் எவ்வளவோ முன்னேறியிருந்தும், இம்முறைக்கு ஏற்ற நெகிழி வகைகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே இருந்தன. அந்நிறுவனத்தை 2019இல் ஜெர்மனியின் எவோனிக் வேதிப்பொருள் நிறுவனம் வாங்கியது. அவ்வாண்டு இறுதியில் டெக்கார்ட் மறைந்தார், அகவை 58.

அவரும் பீமனும் பணிசெய்த ஆஸ்டின் நகரில் 1990ஆம் ஆண்டு அடுக்கு உற்பத்தி முறைகளுக்கென ஓர் ஆய்வரங்கு தொடங்கப்பட்டது. கோடைதோறும் பல நாடுகளின் ஆய்வு மாணவர்கள் தம் கட்டுரைகளை அங்கே படைத்து வருகின்றனர். ஒரே கணினி வரைபடத்தை இரு இயந்திரங்களில் இட்டால் வலிமையில் வேறுபட்ட இரு உறுப்புகள் கிடைப்பது ஏன், ஒருமுறை சூடேறிய துகளை எத்தனை முறை மீண்டும் பயன்படுத்தலாம், படலம் ஒன்றில் நேர்ந்த பிழையை அடுத்த படலம் பரவுவதற்குள் கண்டறிந்து திருத்துவது எவ்வாறு என்பவை இன்றும் அவர்கள் முன் உள்ள வினாக்கள்.